பின் போட்ட குதிரை நகருமா?

இன்னிக்கு செஸ்ல 'பின்' பத்திப் பேசலாம். ஒரு காய் நகர்ந்தா அதுக்குப் பின்னால நிக்கிற பெரிய காய் வெட்டுப்படும். அதனால முன்னால நிக்கிறது அப்படியே மாட்டிக்கும். இதுதான் பின்.

போன மாசம் ஆன்லைன்ல ஏழே மூவ்ல தோத்தேன். நான் கருப்பு. பிஷப்பை ஜி4-க்குக் கொண்டுபோய், எஃப்3-ல இருந்த அவரோட குதிரையைப் பின் பண்ணேன். பின்னால அவர் ராணி. 'இனிமே இது எங்க போகும்?'னு தெனாவட்டா ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன்.

குதிரை போச்சு. நேரா வந்து என் இ5 சிப்பாயை வெட்டிச்சு! ராணி சும்மா நிக்குதேன்னு யோசிக்காம எடுத்துட்டேன். உடனே அவர் பிஷப் எஃப்7-ல வெட்டி செக். என் ராஜா இ7-க்கு ஓடினார். இன்னொரு குதிரை டி5-ல வந்து உட்கார்ந்துச்சு. செக்மேட்.

இதுக்குப் பேர் லெகால் மேட். லெகால் 18-ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல ஆடினவர், பிலிடோருக்கே குரு. அவ்வளவு பழைய பொறியில போய் விழுந்திருக்கேன். ராணியை விட்டுட்டு சிப்பாயால குதிரையை வெட்டியிருந்தா, என் பிஷப்பை அவர் ராணி எடுத்திருக்கும். மொத்த நஷ்டம் ஒரே ஒரு சிப்பாய்தான்.

நான் பண்ண தப்பு என்னன்னா, ரெண்டு வகை பின்னை ஒண்ணுன்னு நினைச்சது. பின்னால ராஜா இருந்தா அது கம்பைல் எரர் மாதிரி. காயை நகர்த்த ரூல்ஸே விடாது. பின்னால ராணி இருந்தா அது வெறும் வார்னிங். நகர்த்தலாம், விலை கொடுக்கத் தயாரா இருந்தா.

சரி, பின்னை எப்படிப் பயன்படுத்துறது? 1858-ல பாரிஸ் ஆபரா ஹவுஸ்ல பால் மார்ஃபி ஆடின கேமைப் போட்டுப் பாருங்க. எதிர்ல பிரன்ஸ்விக் டியூக்கும் ஒரு கவுண்ட்டும் சேர்ந்து ஆடுறாங்க. டி7-ல ஒரு குதிரை ராஜாவுக்கு முன்னால பின் ஆகி நிக்குது. எஃப்6-ல இன்னொரு குதிரை ராணிக்கு முன்னால பின். மார்ஃபி அவசரப்படலை. ராணி பக்கம் கேஸ்லிங் பண்ணி ஒரு யானையை டி வரிசைக்குக் கொண்டு வந்தார். அதைக் கொடுத்து டி7 குதிரையை எடுத்தார். திருப்பி வெட்டின யானையும் அதே இடத்துல பின் ஆச்சு. உடனே அடுத்த யானையை வரவழைச்சார். கடைசியில ராணியையே கொடுத்து, 17-ஆவது மூவ்ல மேட். மாட்டின காய் ஓடாது. அதனால அதுமேல ஆளைச் சேர்த்துக்கிட்டே போகணும்.

நீங்க மாட்டினா? முதல்ல பின்னால யார்னு பாருங்க. அப்புறம் பின் பண்ற காயை வெட்ட முடியுமா, சிப்பாயைத் தள்ளி விரட்ட முடியுமா, நடுவுல ஒரு காயை வைக்க முடியுமா, பின்னால இருக்கிறவரை நகர்த்த முடியுமான்னு வரிசையா கேளுங்க. பின்னால ராஜா இல்லன்னா இன்னொரு கேள்வியும் இருக்கு: இந்தக் காய் நகர்ந்தா இதைவிடப் பெருசா ஏதாவது கிடைக்குமா?

அந்தக் கடைசிக் கேள்வியை நான் எதிராளி பக்கத்துல இருந்து கேட்கவே இல்லை. நீங்க கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!