அவையில் எழுந்த அறிவினா

வினா ஆறு வகைப்படும் என்பது இலக்கண மரபு. விடையறியாத மாணாக்கர் ஆசிரியரை வினவுவது அறியாவினா. விடையை நன்கறிந்த ஆசிரியர் மாணாக்கரின் சிந்தனையைத் தூண்டக் கேட்பது அறிவினா. எழுத்தாளரும் இளம் வாசகரும் சந்திக்கும் அவைகளில் பெரும்பாலும் அறியாவினாவே ஒலிக்கும். சிறுவர் கேட்பர், எழுத்தாளர் விடை பகர்வார். அம்முறை மாறிய அவை ஒன்று ஸ்காட்லாந்தின் தலைநகரில் கூடியது.

எடின்பரோ நகரில் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புத்தகத் திருவிழா, பல்லாண்டுகள் சார்லட் சதுக்கப் பூங்காவில் கூடாரங்கள் அமைத்து நடத்தப்பெற்றது. 2004 ஆகஸ்ட் 15ஆம் நாள், ஹாரி பாட்டர் கதைகளின் ஆசிரியர் ஜே. கே. ரௌலிங் அங்கே சிறுவர்முன் தோன்றினார். 1997இல் அவருடைய முதல் நூலின் கெட்டி அட்டைப் பதிப்பு 500 படிகளே அச்சிடப்பெற்றது. 2004இலோ ஐந்து நூல்கள் உலகெங்கும் பரவியிருந்தன. ஆறாம் நூலுக்காகச் சிறுவர் காத்திருந்தனர்.

கதைமாந்தரைப் பற்றிய வினாக்கள் பல எழுந்தன. ஆனால், கேட்டிருக்க வேண்டிய இரண்டு வினாக்களை எவரும் தம்மிடம் கேட்டதே இல்லை என்றார் ரௌலிங். கொடிய மந்திரவாதி வோல்டெமார்ட் ஏவிய கொலை மந்திரம், குழந்தை ஹாரியைக் கொல்லாது ஏவியவன்மீதே திரும்பியது என்பது கதையின் தொடக்கம். குழந்தை எவ்வாறு பிழைத்தது என்றே எல்லாரும் வினவினர். அவ்வாறாயின் கொலைஞன் ஏன் மாயவில்லை என்பது அவர் சுட்டிய முதல் வினா. ஐந்தாம் நூலில் இருவரும் நேர்நின்று பொருதபோது, பேராற்றல் வாய்ந்த டம்பிள்டோர் அவனைக் கொல்ல முயலாதது ஏன் என்பது இரண்டாவது. விடையை அவர் வெளியிடவில்லை.

2005இல் வெளிவந்த ஆறாம் நூல் மறைபொருளை உணர்த்திற்று. வோல்டெமார்ட் தன் உயிரைக் கூறுகளாக்கிப் பல பொருள்களில் ஒளித்து வைத்திருந்தான். அவை அழியாதவரை அவனுக்கு அழிவில்லை. ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளியின் உடலில் அரக்கனின் உயிர் இருப்பதாகப் பாட்டியர் சொல்லக் கேட்ட தமிழ்க் குழந்தைக்கு இவ்விடை புதியதன்று. ரஷ்யக் கதைகளில் வரும் கொஷ்செயின் உயிரும் முட்டைக்குள் ஊசிமுனையில் இருக்கிறது. எனவே, ரௌலிங் தந்த வினாவைப் பற்றிக்கொண்ட சிறுவன், தான் கேட்ட பழங்கதைகளைக் கொண்டே விடையை நெருங்கியிருக்க இயலும்.

மாயக்கதை பொழுதுபோக்கு என்றும், குழந்தை அதனை வியந்து கேட்டால் போதும் என்றும் எண்ணுவோர் உளர். விழாக்களில் சிறுவரை முன்வரிசையில் அமர்த்திக் கைதட்டச் செய்து அனுப்பிவிடும் வழக்கமும் இவ்வெண்ணத்தின் விளைவே. எடின்பரோ அவையில் சிறுவர் இரண்டு வினாக்களைப் பெற்று வீடு திரும்பினர். படித்த நூலையே மீண்டும் எடுத்துக் காரண காரியம் தேடும் உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டுக்காலம் அவ்வினாக்கள் அவர்களுடையனவாகவே இருந்தன.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்விலக்கிய வட்டம், ஆண்டில் ஒரு நாளையேனும் சிறுவர்க்கு ஒதுக்குதல் வேண்டும். அந்நாளில் சிறுவர் கதை எழுதுவோர் வந்து அவர்களிடம் வினாக்களை விட்டுச் செல்லட்டும். விடைகளுக்கு அவசரமில்லை.