வெயிலைச் சேமிக்கும் வீடு

(நீலகிரியில் பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மார்கழி, தை மாதங்களில் நம் மலையில் உறைபனி விழுகிறது. தேயிலை கருகுவதைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறோம்; வீட்டினுள் நடுங்கும் முதியோரைப் பற்றிப் பேசுவதில்லை. கதவு, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு கரியடுப்பை அருகில் வைத்து உறங்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்கியவர் உறங்கியபடியே மாண்டுபோவதுண்டு.

லடாக்கிலுள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி வரையிலும் இறங்குவதுண்டு. விறகோ அரிது. ஆயினும் வானம் தெளிவானது. டிசம்பர் மாத நண்பகற் சூரியன் தெற்கே சுமார் 32 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்கிறது. ஆகவே அவ்வட்டாரத்தில் பல வீடுகளின் தெற்குமுகத்தில் பெரிய கண்ணாடி அமைக்கிறார்கள். சிலர் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு வர்ணம் பூசிய தடித்த சுவரையும் எழுப்புகிறார்கள். பகலில் சுவர் ஏற்ற வெப்பம் மெல்ல உட்புறம் பரவி, இரவில் அறைக்குக் கிட்டுகிறது. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பெலிக்ஸ் திரோம்பின் பெயரால் வழங்கும் சுவர் இதுவே. 1967இல் ஒதேயோ என்னும் மலையூரில் இம்முறையில் வீடுகள் கட்டப்பெற்றன.

இது நமக்கு எவ்வளவு பலன் தரும்? மிகைப்படுத்திக் கூற நான் விரும்பவில்லை. உதகையில் டிசம்பர் நண்பகற் சூரியன் 55 பாகை உயரத்தில் நிற்பதால், நிமிர்ந்த கண்ணாடியின் மேல் லேயில் விழும் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே விழும். ஆனால் நம் குளிரும் லேயின் குளிரன்று. மேலும், மேகமற்ற இரவிலேதான் உறைபனி கடுமையாகிறது. அதற்கு முந்திய பகலும் பெரும்பாலும் நல்ல வெயிலாகவே இருக்கும். ஆடி மாதத்துச் சாரலுக்கோ இம்முறை உதவாது. அப்போது மேகமும் மூடியிருக்கும், நண்பகற் சூரியனும் வடக்கே சென்றுவிடும்.

பலர் தவறுவது ஓரிடத்தில். பகலில் வெப்பத்தை உள்ளே விடும் கண்ணாடியே இரவில் அதை வெளியே விட்டுவிடும். மாலை நான்கு மணிக்கெல்லாம் பலகைக் கதவையோ கனத்த திரையையோ மூடிவிட வேண்டும். மெல்லிய கான்கிரீட் கூரையும் கதவிடுக்குகளும் அவ்வாறே வெப்பத்தை இழக்கும். கூரைக்குக் கீழே பலகைத் தட்டி அடித்து, இடுக்குகளை அடைக்காமல் கண்ணாடிக்குச் செலவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும்.

புதிதாகக் கட்டுவோர் படுக்கையறையைத் தெற்கே வைப்பதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. ஆனால் சாலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வீட்டின் முகம் என்று வரைபடம் போட்டுவிடுகிறோம். என் அலுவலகமும் இதற்கு விலக்கன்று. அடுத்த கூட்டத்திற்குப் புதிய மனைகளின் வரைபடங்களைக் கொண்டுவாருங்கள். திசைகாட்டியை நான் கொண்டுவருகிறேன்.