முதல் ஆர்டர் தர ஒரு மாமன்

(தருமபுரியில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் குடும்ப நிறுவனங்களின் வளர்ச்சி' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதில் 'குடும்பம்' என்கிற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். அதற்கு ஒரு வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் சாலையோரம் நின்று கையைக் காட்டினால் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். 'போடா போடா' என்று அதற்குப் பெயர். கென்யா எல்லையில் ஆட்களைச் சைக்கிளில் ஏற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய் விட்டவர்கள் 'பார்டர், பார்டர்' என்று கூவியதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அப்படி ஓடும் வண்டிகளில் பஜாஜ் பாக்ஸரும் டி.வி.எஸ். எச்.எல்.எக்ஸும் முக்கியமானவை. இரண்டுமே இந்தியக் குடும்ப நிறுவனங்களின் வண்டிகள். டி.வி.எஸ். என்றால் நமக்கு ஓசூர். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஆலை வந்தது 1979-இல். அடுத்த ஆண்டே டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது.

2013-இல் ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே எச்.எல்.எக்ஸ். அறிமுகமானது. மோசமான சாலை, அதிகச் சுமை, நாளெல்லாம் ஓட்டம், இரண்டு பேருக்கு மேல் உட்காரும் நீளச் சீட்டு என்று அங்குள்ள தேவையைப் பார்த்துச் செய்த வண்டி. பத்தே ஆண்டுகளில் 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. உழைப்பும் திறமையும் இல்லாமல் இது நடக்காது. தரத்துக்கான டெமிங் விருதை 2002-இல் வாங்கிய நிறுவனம் அது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. திறமைக்கு அடியில் தரை எப்படி அமைந்தது என்பதுதான் என் கேள்வி.

டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொழில் தொடங்கினார். அதற்கு முன்பே வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி வேலை எல்லாம் பார்த்தவர். மதுரைப் பக்கம் பேருந்து விட்டார். இன்று நான்காம் தலைமுறை. அதே காலத்துப் பேருந்துகளை நம் பக்கமிருந்து பாருங்கள். தனியார் பேருந்துகள் பலவற்றில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டார்கள். எந்த ஒரு நிறுவனத்தையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, அன்றைய பொது நிலை அது. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், எங்கள் மக்களை ஏற்றாத பேருந்தின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. ஒருவர் பேருந்து வாங்கித் தொழில் நடத்தலாம், இன்னொருவர் காசு கொடுத்தாலும் அதில் ஏற முடியாது. ஓட்டப்பந்தயத்தின் தொடக்கக் கோடு அப்படித்தான் கிழிக்கப்பட்டிருந்தது.

பத்திரிகைகள் 'குடும்பத் தொழில்' என்று எழுதும்போது பாரம்பரியம், நம்பிக்கை, ஒழுக்கம் என்ற சொற்களும் கூடவே வரும். நான் அதைச் சாதி என்று படிக்கிறேன். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டித் தொழில் கடல் கடந்து ஓடியதற்குச் சாதி எப்படி வங்கியாக வேலை செய்தது என்று டேவிட் ரட்னர் எழுதியிருக்கிறார். திருப்பூர் பனியன் தொழிலில் கவுண்டர்களின் உறவும் உழைப்பும் எப்படி மூலதனமாயின என்று ஷரத் சாரி காட்டியிருக்கிறார். பெண் கொடுத்து எடுத்த வீட்டார் கடன் தருகிறார்கள். மச்சான் நூல் தருகிறார். மாமன் முதல் ஆர்டரைத் தருகிறார். நட்டம் வந்தால் சொந்தபந்தம் தாங்குகிறது. இந்தியாவின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அவர்களில் 92 விழுக்காட்டுக்கும் மேல் முன்னேறிய சாதியினர் என்கிறது. பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோரே 3.8 விழுக்காடுதான். இதைத் திறமையின் கணக்கு என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள்.

இப்போது என் குடும்பத்துக்கு வருகிறேன். என் சித்தி மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஓசூர்ப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் ஆறு வருடம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். அறை தேடிப் போன இடத்தில் வீட்டுக்காரர் கேட்டாராம்: "தருமபுரியா தம்பி, சரி. ஊர்ல எந்தப் பக்கம்?" எந்தப் பக்கம் என்றால் என்ன கேள்வி என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். அவன் பதில் சொன்னான். அறைக்கு வேறு ஆள் சொல்லிவைத்திருப்பதாக அவர் சொன்னார். அவன் கைபட்ட உதிரிபாகம் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம், அங்கே யாரும் அதனிடம் எந்தப் பக்கம் என்று கேட்கப்போவதில்லை. அவன் ஒரு தெரு தாண்ட முடியவில்லை.

வண்டி என்றால் நமக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2012 நவம்பர் 7. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அந்த வீடுகளில் பல, பெங்களூருக்கும் வெளியூர்களுக்கும் போய் உழைத்துச் சேர்த்த காசில் எழுந்தவை. வாசலில் நின்ற இருசக்கர வண்டிகளும் எரிந்தன. காதல் திருமணம் ஒரு சாக்கு. காலனிப் பையன் வண்டி வாங்கி ஊர்த்தெரு வழியே ஓட்டிக்கொண்டு போவதைச் சகிக்க முடியாத கண்கள் அதற்கு முன்பே இருந்தன. மற்றவர்கள் பணம் சேர்த்தால் அது மூலதனம் ஆகிறது. நாம் சேர்த்தால் அது திமிர் ஆகிறது, ஒரே இரவில் சாம்பலும் ஆகிறது. மூன்று தலைமுறை பத்திரமாகச் சேர்த்துவைக்க முடிந்தவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. தருமபுரியிலும் சிப்காட் வருகிறது. வேலை வரும் என்கிறார்கள், வரட்டும். கான்ட்ராக்ட் வேலையோடு நாம் நின்றுவிடப் போகிறோமா?

சித்தி மகன் இப்போது சொந்தமாக லேத் பட்டறை போடப் பார்க்கிறான். மாநில அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. நல்ல திட்டம், நீங்களும் விண்ணப்பியுங்கள். மீதிப் பணத்துக்கு வங்கிப் படி ஏறினால் ஜாமீன் கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது காலனி வீட்டு மனைப் பட்டா. அதையும் தாண்டிக் கடன் கிடைத்தால், யார் அவனுக்கு முதல் ஆர்டர் தருவார்? ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது. தனியாருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. சிப்காட் நிலம் அரசு எடுத்துக் கொடுக்கும் நிலம். சாலை, தண்ணீர், மின்சாரம் அரசுடையவை. அங்கே வரும் நிறுவனத்திடம் வேலையிலும் கொள்முதலிலும் பங்கு கேட்பது சலுகை கேட்பதாகாது. சவுந்தரபாண்டியன் பேருந்து உரிமத்தில் வைத்த நிபந்தனையை நாம் நில ஒதுக்கீட்டில் வைக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். மாமன் இல்லாதவனுக்கு அரசுதான் மாமன்.

கடைசியாக ஒன்று. கம்பாலாவில் வண்டி ஓட்டுகிறவரையும் மறந்துவிட வேண்டாம். அவர்களில் பலர் கடனில் வாங்கியோ, வண்டி முதலாளிக்குத் தினமும் வாடகை கட்டியோ ஓட்டுகிறார்கள். 'ஆப்பிரிக்கச் சந்தை' என்று நாம் சொல்வது அந்த மனிதர்களைத்தான். நம்மூரில் கறுப்பின மாணவர்களைப் பார்த்து இளிப்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அது நமக்கு வெட்கம். வண்டியைச் செய்த கையும் அதை ஓட்டுகிற கையும் ஒன்றையொன்று அறியவில்லை. இருவருக்கும் கடன் இருக்கிறது, கம்பெனியில் பங்கு இல்லை.

என் சித்தி மகனின் விண்ணப்பம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் அவனோடு நானும் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள். கூட நான்கு பேர் நின்றால் மேலாளர் உட்காரச் சொல்கிறார், இது அனுபவத்தில் கண்டது.