ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு

(உலக முதியோர் தினத்தையொட்டி நம் நலச்சங்கம் நடத்திய மாலைக் கூட்டத்தில், நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



"வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசுங்கள், சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அன்பு, கடமை பற்றியெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தது கணக்கு. 31 வருடம் கணக்குத் தணிக்கை வேலை பார்த்தவன். ஊரார் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் வீட்டுக் கணக்கில் ஒரு பெரிய தொகை விடுபட்டிருந்தது, அதை நாலு வருடம் நான் கவனிக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 78 வயதில் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று, நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் 11 நாள் இருந்தார். பில் 3,85,000 ரூபாய். அதில் 3 லட்சத்தை இன்ஷூரன்ஸ் கொடுத்தது. மீதியைக் கட்டிவிட்டு, "நல்லவேளை, பாலிசி இருந்தது, தப்பித்தோம்" என்று பெருமூச்சு விட்டபடி அப்பாவை ஆம்புலன்சில் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

செலவு அன்றுதான் ஆரம்பித்தது. அப்பா அதன் பிறகு 44 மாதம் இருந்தார்.

நான் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தேன். மாதச் சராசரி இது. அட்டெண்டர் 12 மணி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 750 ரூபாய், மாதம் 22,500. பிசியோதெரபி 6,000. டயாப்பர், அண்டர்பேட் 4,200. மருந்து 3,800. கஞ்சி மாவு, சத்துப் பவுடர் 2,000. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பது, டாக்டர் வருவது 1,500. கூட்டினால் 40,000. அதை 44-ஆல் பெருக்கினால் 17,60,000 ரூபாய். நாங்கள் பயந்து பயந்து இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருந்த ஆஸ்பத்திரி பில்லைப்போல நாலரை மடங்கு. இதில் ஒரு ரூபாய்கூட எந்தப் பாலிசியிலிருந்தும் வரவில்லை.

இதில் இன்ஷூரன்ஸ்காரரைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவக் காப்பீடு என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. 70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் திட்டமும் அப்படித்தான். குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டிவிடும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அதில் வழியில்லை. ஜெர்மனியில் 1995 முதலும் ஜப்பானில் 2000 முதலும் இதற்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. ஜப்பானில் 40 வயதிலிருந்தே எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. நம் வீட்டுச் சேமிப்புதான் நமக்கு அந்தக் காப்பீடு.

ஆகவே முதல் வேலை, வீட்டில் உட்கார்ந்து ஒரு தொகையை எழுதுவது. அம்மாவோ அப்பாவோ படுத்துவிட்டால் மாதம் எவ்வளவு ஆகும்? அவர்கள் ஓய்வூதியம், வட்டி, வாடகை எல்லாம் சேர்ந்து எவ்வளவு வரும்? எவ்வளவு இடிக்கும்? எங்கள் வீட்டில் அப்பாவின் ஓய்வூதியம் 24,000. மாதம் 16,000 இடித்தது. 80 வயது முடிந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட்டோம். மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40 என்று ஏறும். அது தானாக ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாகப் பணம் வைத்திருப்பவர்கள், அது மாதச் செலவுக்கு வரும்படியாக மாற்றி வையுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் ஆளுக்கு 30 லட்சமாக உயர்ந்தது. 8.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். மாதத்துக்கு 20,500. ஒரு வேளை அட்டெண்டர் சம்பளம் கிட்டத்தட்ட அதிலேயே போய்விடும். வட்டி விகிதத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறார்கள், போடும் அன்று தபால் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் பணம் இல்லை, குடியிருக்கும் வீடு மட்டும் சொந்தம் என்பவர்களுக்கு ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற கடன் இருக்கிறது. 60 வயது ஆனவர்கள் வீட்டை அடமானம் வைத்து, அதிலேயே குடியிருந்துகொண்டு, வங்கியிலிருந்து மாதாமாதம் பணம் வாங்கலாம். அவர்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வங்கி வீட்டை விற்று எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். நம் ஊரில் வீட்டை அடமானம் என்றாலே கௌரவக் குறைச்சல். ஆனால் வீட்டை வைத்துக்கொண்டு மருந்துக்குக் கையேந்துவது அதைவிடக் கௌரவமா என்று யோசியுங்கள்.

இரண்டாவது, கையெழுத்து. பணம் இருந்தும் எடுக்க முடியாத நிலை எங்களுக்கு வந்தது. அம்மா முன்பே போய்விட்டதால் அப்பாவின் கணக்கு அவர் ஒருவர் பெயரில்தான் இருந்தது. வலது கை விழுந்துவிட்டது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் ஓய்வூதியம் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது, நான் வெளியில் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட முடியாத ஓய்வூதியரிடம் கைரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகையோ வாங்கிக்கொண்டு, இரண்டு சாட்சிகளை வைத்துப் பணம் கொடுக்கலாம், சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அதை எனக்கு ஒரு நண்பர் சொன்ன பிறகுதான், எழுத்தாகக் கொடுத்து, அதிகாரியை வீட்டுக்கு வரவழைத்தோம். இந்த விதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்களில் யாருக்காவது பயன்படும்.

அதைவிட நல்லது, கை நன்றாக இருக்கும்போதே ஏற்பாடு செய்வது. ஓய்வூதியக் கணக்கைக் கணவன் மனைவி கூட்டாக வையுங்கள். மற்ற சேமிப்புக் கணக்கு, டெபாசிட் எல்லாவற்றிலும் நம்பிக்கையான பிள்ளை ஒருவரைச் சேர்த்து, இருவரில் எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். நாமினி போட்டிருக்கிறேனே என்று சொல்லாதீர்கள். நாமினிக்கு வேலை நாம் போன பிறகுதான். நாம் படுத்துக் கிடக்கும்போது அவரால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

பவர் எழுதி வைத்துவிட்டால் போதும் என்றும் பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தம் தெளிவாக இருக்கும்வரைதான் நம் சட்டத்தில் பவர் செல்லும். மறதி நோய் முற்றி, நல்லது கெட்டது புரியாத நிலை வந்துவிட்டால் அது செல்லாது. எதற்காக எழுதினோமோ அந்த நேரத்தில் அது கை கொடுக்காது. 2024-ல், கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நீதிமன்றம் அவரைக் காப்பாளராக நியமித்தது. நியாயம் கிடைத்தது, சரி. ஆனால் ஆள் அப்படிக் கிடக்கும்போது கோர்ட்டுக்கு அலைய எத்தனை பேரால் முடியும்?

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எப்படியும் உனக்குத்தானே" என்று பாசத்தில் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். உயில் என்றால் உயிர் உள்ளவரை மாற்றலாம், செட்டில்மெண்ட்டை அப்படி மாற்ற முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை எங்களை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்கத் தவறினால் பத்திரத்தை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி செய்கிறது. அந்த வழி திறக்க, நிபந்தனை பத்திரத்தில் தெளிவாக இருப்பதுதான் பாதுகாப்பு. பிள்ளைமேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. எழுத்தில் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

மூன்றாவதாக, நான் ஆரம்பத்தில் சொன்ன விடுபட்ட தொகைக்கு வருகிறேன்.

அட்டெண்டர் 12 மணி நேரம்தான் வருவார் என்றேன். ஒரு நாளுக்கு 24 மணி நேரம் ஆயிற்றே, மீதி 12 மணி நேரம் யார் பார்த்தது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் நாலு மாதம் அப்பா என் வீட்டில் இருந்தார். நாலு மாதத்தில் ஐந்து அட்டெண்டர் மாறினார்கள். ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டார், இன்னொருவருக்கு அப்பாவைத் தூக்க முடியவில்லை. ஒரு தடவை ஆள் இல்லாத மூன்று நாளில் படுக்கைப்புண் வந்துவிட்டது. அதைப் பார்த்த என் தங்கை, "அண்ணா, அப்பாவை நான் கூட்டிண்டு போறேன்" என்றாள். தனியார் பள்ளியில் டீச்சர், மாதம் 18,000 சம்பளம். வேலையை விட்டாள். இரவுக்கு மட்டும் அட்டெண்டர் வைத்துக்கொண்டாள். பகல் முழுக்க அவள்தான். அப்போது அவளுக்கு 46 வயது. மாப்பிள்ளை ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

இடிக்கும் 16,000-ஐ முதலில் மூன்று பேரும் பங்கு போட்டோம். தங்கை வேலையை விட்டதும் அவள் பங்கை நானும் பெங்களூரில் இருக்கும் தம்பியும் ஏற்றுக்கொண்டோம். அதையே பெரிய காரியம் செய்ததாக நினைத்தோம்.

அப்பா காலமான பிறகு ஊர் வீட்டை விற்றோம். மூன்று பேரும் சமம், மூன்று பங்கு என்று நானே தாளில் கணக்குப் போட்டேன். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. காபி கொண்டுவந்து வைத்த என் மனைவிதான் கேட்டாள்: "ஏங்க, அவ விட்ட சம்பளம் இதுல எந்தப் பக்கத்துல வருது?"

40 மாதம், மாதம் 18,000. 7,20,000 ரூபாய். பி.எஃப். தனி. 50 வயதில் திரும்பிப் போனால் அந்த வேலையும் கிடைக்கவில்லை, அதற்கு என்ன விலை போடுவது? இத்தனையும் என் நோட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை. நான் எழுதிய 17,60,000 பாதிக் கணக்குதான்.

அந்த 7,20,000-ஐ முதலில் தங்கைக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியை மூன்றாகப் பிரித்தோம். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "அப்பாவுக்குச் செஞ்சதுக்குக் கூலியா அண்ணா?" என்று அழுதாள். கூலி இல்லை, உனக்கு நஷ்டமானது என்று சொல்லி வாங்க வைத்தோம். முதல் மாதமே பேசி, மாதாமாதம் அவள் கணக்கில் போட்டிருந்தால் இந்த அழுகை இருந்திருக்காது. அவளுடைய பி.எஃப். போல அது சேர்ந்திருக்கும். பார்த்துக்கொள்பவர் மகளோ மருமகளோ மகனோ யாராக இருந்தாலும், அவர் விட்ட வருமானத்தைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். வருடத்துக்கு இரண்டு வாரமாவது மற்றவர்கள் வந்து பார்த்துக்கொண்டு, அவருக்கு ஓய்வு கொடுங்கள். பணம் அனுப்புகிறோமே என்பது அதற்கு ஈடாகாது.

அரசு உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கு வந்து செய்கிறார்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். அது தெரியாமல்தான் நான் மாதம் 6,000 கொடுத்தேன். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. எந்த உதவிக்கும் 14567 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்பிக்கையான அட்டெண்டர்கள் பெயரும் எண்ணும், அவர்கள் சம்மதத்தோடு, ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். உபயோகம் முடிந்த சக்கர நாற்காலி, வாக்கர், மடக்குக் கட்டில் பல வீட்டு மாடியில் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றைச் சங்க அறையில் வைத்து, தேவைப்படுகிற வீட்டுக்குக் கொடுத்து வாங்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். நம்மில் பெரியவர்களாக இருப்பவர்கள், பிள்ளைகள் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே சொல்லிவிடுவோம். எங்கே என்ன இருக்கிறது, யார் எடுக்கலாம், முடியாமல் போனால் யாரோடு இருக்க விருப்பம். எங்கள் அப்பாவிடம் இதைக் கேட்க நாங்கள் நினைத்தபோது அவருக்குப் பேச்சு இல்லை. தலையாட்டிப் பதில் சொன்னார். நாங்கள் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் வீட்டில் ஒரு ஏர் பெட் இருக்கிறது, மோட்டார் நன்றாக ஓடுகிறது. யாருக்குத் தேவையோ செயலாளரிடம் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறேன்.