இறங்காமல் போகும் உரிமை



நகரத்தில் சைக்கிள் ஓட்டுவது பற்றிப் பேச்சு வந்தாலே புகை குறையும், உடம்பு இளைக்கும் என்கிறார்கள். இரண்டும் சரிதான். ஆனால் நம் நாட்டில் சைக்கிளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வைத்த வரலாறு அது. சொந்தக் காசில் வாங்கிய வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே திமிர் என்றார்கள்.

இது பழங்கதை அல்ல. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகவே சொல்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை.

சைக்கிள் கிடைத்தால் என்ன மாறும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. 2001-02இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச சைக்கிள் திட்டமும் முதலில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குத்தான் வந்தது.

இப்போது திண்டுக்கல்லுக்கு வருவோம். மணிக்கூண்டுப் பக்கம் சைக்கிளில் போகிறவரை ‘இறங்கு’ என்று யாரும் சொல்வதில்லை. நகரம் நமக்குத் தந்த விடுதலை அது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் விடியற்காலையில் சாலையைப் பாருங்கள். தூய்மைப் பணியாளர், கட்டட வேலைக்குப் போகிறவர், பூட்டுப் பட்டறைத் தொழிலாளி என்று உழைக்கும் மக்கள்தான் மிதிக்கிறார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது சாலையோரம். அங்கேயும் கார் நிற்கிறது. நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் போக, சுற்றிப் போக வேண்டும் அல்லது உயிரைப் பணயம் வைக்க வேண்டும். அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகும் அதிகாரியைப் பத்திரிகைகள் பாராட்டுகின்றன. தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு போகிறவரை ஹாரன் அடித்து ஒதுக்குகிறோம்.

அதனால் ‘சைக்கிள் பாதை வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் போதாது. எங்கிருந்து எங்கே என்று கேட்க வேண்டும். பூங்காவைச் சுற்றி ஒரு பாதை யாருக்கு? குடியிருப்புகளிலிருந்து பட்டறைக்கும் மில்லுக்கும் அரசுப் பள்ளிக்கும் வேண்டும். நெடுஞ்சாலையைப் பயமில்லாமல் கடக்க வழி வேண்டும். பேருந்து நிலையத்தில் காசில்லாமல் நிறுத்த இடம் வேண்டும்.

உங்கள் வார்டின் பகுதி சபை கூடும்போது இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களே பேசட்டும்.