தேய்மானம்

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் ஒரு தம்பி எங்கள் வீட்டிலிருந்து கிட்டார் பையோடு இறங்கிப் போனதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், இந்த வயசுல கிட்டார் கிளாஸா?" என்று நாலைந்து பேர் கேட்டீர்கள். இல்லை, கிட்டாரை விற்றேன். அதில் நான் செய்த ஒரு தவறு, பரணில் பழைய பொருள் வைத்திருக்கும் உங்களுக்கும் பாடமாக இருக்கும் என்று செயலாளர் பேசச் சொன்னார்.

அது என் அண்ணனுடைய எலெக்ட்ரிக் கிட்டார். 1972-இல் பர்மா பஜாரில் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினார். ஜப்பான் தயாரிப்பு, அப்போதே பழையது. பகலில் ஆபீஸ், மாலையில் மெல்லிசைக் குழுவோடு கல்யாண வரவேற்புகள் என்று இருபது வருடம் வாசித்தார். பிறகு அது பரணுக்குப் போய்விட்டது. மூன்று வருடம் முன்பு அண்ணன் காலமானார். அண்ணி சிறிய வீட்டுக்கு மாறும்போது, "நீங்களே பார்த்து ஏதாவது பண்ணுங்க தம்பி" என்று என்னிடம் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்தால், வலது கை படிகிற மேல் விளிம்பில் சிவப்புப் பெயின்ட் போய் மரம் தெரிந்தது. முதுகில் பெல்ட் பக்கிள் உரசிய கீறல்கள். திருகுகளில் துரு. இந்தக் கோலத்தில் யார் வாங்குவார் என்று நினைத்து ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தந்தி முறுக்கும் ஆறு கீக்களையும் கழற்றிவிட்டுப் பளபளவென்று புதிது போடச் சொன்னேன். பழைய கீக்கள் காயலான் கடைக்குப் போயின. அடுத்தது பெயின்ட். அதை அண்ணியிடம் சொன்னபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்த இடத்துல பெயின்ட் போனதே உங்க அண்ணன் கை பட்டுத்தானே?" நான் பெயின்ட் அடிக்கவில்லை.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்றால் எனக்குக் கணக்குதான். நேர்க்கோட்டு முறையோ, குறைந்து செல் மதிப்பு முறையோ, எதில் போட்டாலும் வருடா வருடம் மதிப்பு இறங்கத்தான் வேண்டும். 'தேய்மானம்' என்ற சொல்லே தேய்வதிலிருந்து வந்ததுதான். பழைய எலெக்ட்ரிக் கிட்டார் சந்தையில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலகர் வாசித்த 1961-ஆம் வருடத்து ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் படத்தைப் பாருங்கள். பெயின்ட் பெரும்பாலும் உதிர்ந்து கட்டை தெரியும். 2024-இல் லண்டன் ஏலத்தில் அது 7 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. இப்போது அது அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது. அது பிரபலத்தின் கிட்டார், நம்முடையதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஃபெண்டர் கம்பெனியே 1990-களிலிருந்து புதுக் கிட்டாரைத் தேய்த்து, கீறி, பழசாக்கி, கூடுதல் விலைக்கு விற்கிறது. நான் காசு கொடுத்து அழிக்கப் பார்த்ததை அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

வாங்க வந்த தம்பி ஐ.டி. வேலை பார்ப்பவர். பெயர்த்தகடு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. அவர் பிக்கப்பையும் சுவிட்சுகளையும் பார்த்துவிட்டு, "இது டெய்ஸ்கோ மாதிரி இருக்கு அங்கிள், அறுபதுகள்ல வந்தது" என்றார். பிறகு கேட்டார்: "ஒரிஜினல் கீ இருக்கா?" ஒரு நிமிடம், முதலிலிருந்தே இப்படித்தான் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. முப்பத்தைந்து வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்த வாய்க்கு அது வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். பேசிய 28,000-இல் 4,000 குறைத்துக்கொண்டார். என் பாடத்துக்கு நான் கட்டிய ஃபீஸ் அது.

அதனால் உங்களுக்குச் சில வார்த்தைகள். பழைய பொருளை விற்கும் முன் மெல்லிய துணியால் தூசு துடையுங்கள், அதோடு நிறுத்துங்கள். எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கழற்றிய பாகத்தை ஒரு கவரில் போட்டு வையுங்கள். கிட்டாரின் வால்யூம் குமிழ் கறகறத்தால் பெரும்பாலும் தூசுதான், சுத்தம் செய்தாலே போதும். கூரியரில் அனுப்பினால் தந்திகளைத் தளர்த்தி, தலைப்பகுதிக்கு நன்றாக அணை கொடுங்கள், அதுதான் எளிதில் உடையும். பழைய ரசீது, அந்தப் பொருளோடு எடுத்த போட்டோ இருந்தால் பிரதி எடுத்துக் கொடுங்கள். குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

வங்கிக்காரனாக இன்னொன்று. விளம்பரம் போட்ட அன்றே ஒருவர் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டு, "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்றார். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். அதைக் கேட்டால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

விற்பனையன்று அண்ணியும் வந்திருந்தார். தம்பி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்து, சுருதி சேர்த்து, கால் மணி நேரம் வாசித்தார். பெயின்ட் போன அதே இடத்தில் அவர் கை படிந்தது. அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "உங்க அண்ணன் இவ்வளவு நல்லா வாசிச்சதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் துடைத்தார்.

கிளம்பும்போது அந்தத் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பெயின்ட் அடிப்பீங்களா?"

"மாட்டேன் ஆன்ட்டி."

24,000-ஐயும் அண்ணி கணக்கில் அன்றே போட்டுவிட்டேன். அந்த 4,000-ஐ நானும் போட்டுச் சேர்த்து 28,000-ஆக்கியது அவருக்குத் தெரியாது. இந்தச் செய்திமடல் அவருக்கு வராது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.