கலத்தினுள்ளே ஒரு வீதி

ஹெவ்லொக் டவுன் போன்ற நெருங்கிய குடியிருப்புகளில், குப்பையைப் பையிற் கட்டி வாயிலில் வைப்பதோடு துப்புரவு முடிந்துவிடுவதில்லை. அதனை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும். வண்டி ஓட வீதியும் வேண்டும். நம் உடலை ஆக்கும் கலங்களுக்கும் இந்நியதி பொருந்தும்.

கலத்தினுள்ளே பழுதுற்ற புரதங்களும் தேய்ந்த புன்னங்கங்களும் இடையறாது சேர்கின்றன. கலம் அவற்றை இரட்டைச் சவ்வுப் பையொன்றிற் பொதிந்து, இலைசோசோம் என்னும் நொதியப் பையோடு இணைத்துச் செரிக்கிறது; எஞ்சும் மூலப்பொருளை மீண்டும் பயன்படுத்துகிறது. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியன் டி டூவ் 1963-ஆம் ஆண்டில் இச்செயலுக்குத் தன்னுண்ணல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். மதுவக் கலங்களில் இதன் நுட்பத்தை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் யொஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

பைகள் கலத்தின் பல மூலைகளிலும் தோன்றுகின்றன; இலைசோசோம்களோ பெரும்பாலும் கருவை அண்டித் திரள்கின்றன. இவ்விரண்டும் சந்திப்பது எங்ஙனம்? குழியவன்கூடு என்னும் இழைப் பின்னலே அதற்கு வழி செய்கிறது. அக்டின் இழைகள் பை உருப்பெற உதவுகின்றன. நுண்புன்குழாய்களோ வீதிகளாகின்றன. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ 25 கூறே ஒரு குழாயின் விட்டம். அதன் வழியே டைனின் என்னும் புரதம் பைகளைச் சுமந்து கலத்தின் நடுப்பகுதிக்குச் செல்கிறது.

இவ்வீதியைத் தகர்க்கும் நஞ்சொன்று நமக்கு அறிமுகமான செடியிலேயே உண்டு. சங்கப் புலவர் காந்தள் என்று போற்றிய கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் உள்ளது. அது நுண்புன்குழாய்கள் கட்டப்படுவதைத் தடுக்கிறது. வீதி அழிந்தால், கட்டிய பைகள் இலைசோசோமை அடையாது தேங்கும். கொல்கிசின் மருந்தை நெடுநாள் உட்கொண்ட சிலருக்கு, சிறப்பாகச் சிறுநீரகம் நலிந்தோருக்கு, தசைகள் தளர்ந்தன. அத்தசைக் கலங்களில் இத்தகைய பைகள் குவிந்திருந்ததை அமெரிக்க வைத்தியர்கள் 1987-இல் எடுத்துரைத்தனர்.

யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதத்துக்கு இம்மருந்து பெரிதும் பயன்படுகிறது. ஆயினும் அளவை வைத்தியரே வகுத்தல் வேண்டும். கார்த்திகைக் கிழங்கை வற்றாளைக் கிழங்கென மயங்கி உண்டு உயிரிழந்தோர் நம் நாட்டில் உளர். ஆகவே நேயர்களே, மலரைக் கண்டு மகிழுங்கள். கிழங்கைச் சிறுவர் கைக்கு எட்டவிடாதீர்கள். தவறி உண்டவரை, நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.